மாரியில் ஒருமுறை, கச்சானில் ஒருமுறை

கட்டடக்கலை மாணவர்கள் வரைந்து கொண்டுவரும் தளப்படத்தில் கடைசியாக நிறம் பூசப்படும் இடம் ஒன்று இருக்கும். கட்டடம், வாசல், வாகனத் தரிப்பிடம் எல்லாம் வைத்தபிறகு மிஞ்சிக் கிடக்கும் வெள்ளைத் தாள்தான் அது. ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முதல்நாள் இரவு அதில் பச்சை ஏறும். வட்டம் வட்டமாக மரங்கள் முளைக்கும். கணினியில் செய்தால் இன்னும் சுலபம். லூமியன் என்ற மென்பொருளின் மரப்பட்டியலைத் திறந்து பிடித்ததை எடுத்து வைக்கலாம். நிலாவெளிக் கடற்கரையில் குளிர்நாட்டு மேப்பிள் மரம் செவ்விலையோடு நிற்கும்.

இவர்களுக்கு நிலத்தோற்ற வடிவமைப்பைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கடைசி இரவுப் பச்சையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை பிள்ளைகளில் இல்லை. கட்டடக்கலைப் படிப்பு முழுவதும் முடிந்த பொருளை வரையத்தான் கையைப் பழக்குகிறது. சுவர் எழுப்பி, பூசி, வர்ணம் அடித்து, திறப்பைக் கையில் கொடுக்கும் நாளில்தான் கட்டடம் மிக அழகாக இருக்கும். நிலத்தில் இது தலைகீழ். கன்று நட்ட நாளில் பார்க்க ஒன்றுமிராது. நிழல் வரப் பத்து வருடம் பிடிக்கும். மார்கழியில் ஓடும் தண்ணீர் ஆனியில் ஓடாது. அதனால் இந்த மாணவர்களுக்கு நிலத்தோற்ற வடிவமைப்பைக் கற்பிப்பது என்றால், செடிகளின் பெயர்களைச் சொல்வதற்கு முன்னால் காலத்தை வரையக் கற்பிக்க வேண்டும் என்பதே என் எண்ணம். அதற்குத் திருகோணமலையைப் போல் ஒரு வகுப்பறை வாய்ப்பது அரிது.

ஏனென்றால் இங்கே நிலம் வருடத்துக்கு இரண்டு முகம் காட்டும். ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை, வாடைக்காற்றோடு வரும் மாரியில் கொட்டித் தீர்ந்துவிடும். நவம்பர், டிசம்பர் இரண்டும் சேர்ந்தாலே ஆண்டு மழையின் மூன்றிலொரு பங்குக்குக் குறையாது. பிறகு மே மாதம் அளவில் கச்சான் தொடங்கும். மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்கிவரும் தென்மேல் பருவக்காற்று அது. வெக்கையும் புழுதியுமாகச் செப்டெம்பர் வரை நிற்கும். தவளை கத்திய பள்ளம் ஜூலையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்.

ஒருமுறை ஒரு குழுவை மட்டிக்களிப் பக்கம் ஒரு வெறுங்காணிக்குக் கூட்டிப்போனேன். ஜூலை மாதம். சின்ன நூலகம் ஒன்று வடிவமைப்பதுதான் வேலை. காணி தட்டையாகக் காய்ந்து கிடந்தது. இரண்டு மணித்தியாலத்தில் அளந்து, படமெடுத்து, "சேர், சைட் முடிஞ்சுது" என்றார்கள். வேலிக்கு அப்பால் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "என்ன பிள்ளையள் கட்டப்போறீங்கள்?" என்று கேட்டார். சொன்னோம். "இதிலயோ? மார்கழிக்கு வந்து பாருங்கோ. என்ட பேரப்பிள்ளையள் இதிலதான் கப்பல் விட்டு விளையாடுறது" என்றார். அப்புறம்தான் வேலியைப் பார்த்தோம். கதியால்கள் எல்லாவற்றிலும் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் மண்ணிறத்தில் ஒரு கோடு, நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டமாக ஓடியது. அது வெள்ளம் விட்டுப்போன கறை. அவ்வளவு நேரமும் எங்கள் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. டிசம்பரில் மூன்று பேர் மட்டும் திரும்பி வந்தார்கள். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

அன்றைக்குப் பிறகு என் பாடத்தில் ஒரு விதி வந்தது. ஒரே காணிக்கு இரண்டு தடவை போக வேண்டும். மாரியில் ஒருமுறை, கச்சானில் ஒருமுறை.

கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்தது போல் வரையும் வெட்டுமுகப் படங்களில் ஒரு பழக்கம் உண்டு. கட்டடத்தின் அடியில் தடித்த கறுப்புக் கோடு ஒன்றைப் போடுவார்கள். அதுதான் நிலம். அத்திவாரம் மட்டும் அதற்குக் கீழே கொஞ்சம் இறங்கும், மற்றதெல்லாம் வெறும் சாய்கோடுகள். அந்தக் கறுப்புக் கோட்டைத் திறந்து பார்க்க வைப்பதுதான் முதல் பயிற்சி. ஐம்பதிலொன்று அளவில் ஒரு வெட்டுமுகம் வரையச் சொல்கிறேன். நிலத்துக்குக் கீழே மூன்று மீற்றரை முழுக் கவனத்தோடு வரைய வேண்டும், மேலே உள்ள கட்டடம் மெல்லிய கோட்டில் இருந்தால் போதும். மேல்மண் எவ்வளவு, மணல் எங்கே தொடங்குகிறது, களி எங்கே, பக்கத்து வேம்பின் வேர் எதுவரை வந்திருக்கிறது, மலசலகூடக் குழி எங்கே, கிணற்றுத் தண்ணீர் ஜூலையில் எந்த மட்டம், டிசம்பரில் எந்த மட்டம். கிணற்றுக்கும் குழிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்து எழுதும்போது முகம் மாறும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தாங்கள் அழகாக வரைந்த முற்றம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. இந்தத் தொழில் பிறந்ததே நிலத்துக்கு அடியில் செய்த வேலையில்தான். பிரெடெரிக் லோ ஓம்ஸ்டெட் என்பவரும் கல்வெர்ட் வோக்ஸ் என்ற கட்டடக்கலைஞரும் 1858இல் நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க் வடிவமைப்புப் போட்டியில் வென்றார்கள். இன்றைக்குப் பார்க்கிறவர் அதை நகரம் விட்டுவைத்த பழைய காடு என்று நினைப்பார். உண்மையில் பாறையும் சதுப்புமாகக் கிடந்த இடம் அது. தண்ணீரை வடிக்க மைல் கணக்கில் மண்குழாய்களைப் புதைத்த பிறகுதான் புல்லும் மரமும் வந்தன. 1900இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இதைத் தனிப் பாடநெறியாகத் தொடங்கியது. எங்கள் நாட்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நிலத்தோற்றக் கட்டடக்கலைக்கென்றே ஒரு பட்டப்படிப்பு நடக்கிறது. சரி, அவர்கள் இதை ஆழமாகப் படிக்கிறார்கள். ஆனால் நாட்டில் எழும் வீடு, பாடசாலை, ஹோட்டல் பலவற்றில் நிலத்தைத் தீர்மானிக்கிறவர் கட்டடக்கலைஞர்தான். அவருக்கு இந்தப் பாடம் முழுப் படிப்பில் ஒரு சிறு துண்டாகவே கிடைக்கிறது. அந்தத் துண்டில் எதை வைப்பது என்பதுதான் கேள்வி.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த ஸ்கொட்லாந்துக்காரரான இயன் மக்ஹார்க் 1969இல் வந்த தன் நூலில் விளக்கிய முறையை இன்றும் உலகம் முழுவதும் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மண்ணுக்கு ஒரு டிரேசிங் தாள், சரிவுக்கு ஒன்று, வெள்ளம் ஏறும் இடத்துக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று. கட்டக்கூடாத இடங்களைக் கறுப்பாக்கி எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், வெளிச்சமாகத் தெரியும் இடம்தான் கட்ட ஏற்ற இடம். இப்போது அதையே கணினியில் செய்கிறோம். நல்ல முறைதான். நானும் அதில்தான் தொடங்குகிறேன். ஆனால் வருடத்தில் நாலு மாதம் தண்ணீரும் எட்டு மாதம் தாகமுமாக இருக்கும் ஊரில் ஒவ்வொரு தாளும் இரண்டாக வேண்டும். மாரித் தாளும் கச்சான் தாளும் ஒரே இடத்தில் வெளிச்சமாக இருந்தால்தான் அந்த இடத்தை நம்பலாம்.

இலங்கையில் நிலமும் கட்டடமும் என்று பேச்செடுத்தால் ஜெஃப்ரி பாவாவைத் தாண்டிப் போக முடியாது. சட்டத்தரணியாக இருந்தவர் 1948இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுனுகங்க என்ற தோட்டத்தை வாங்கினார். மனதில் நினைத்த தோட்டத்தை உருவாக்கத் தன் தொழிலறிவு போதவில்லை என்று தெரிந்த பிறகுதான் கட்டடக்கலை படிக்கப் போனார். 1957இல் தகுதி பெற்றபோது வயது 38. தோட்டம் முந்தியது, கட்டடக்கலைஞர் பிந்தியவர். இந்தக் கதையை முதல் வகுப்பிலேயே சொல்வேன். அதோடு ஓர் எச்சரிக்கையும் சேர்ப்பேன். லுனுகங்க இருப்பது ஈரவலயத்தில். ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழும், மழையில்லாத மாதம் அங்கே அபூர்வம். அங்கே பாசி படிந்த சுவர் அழகு. அதே சுவரையும் அதே புல்தரையையும் உப்புவெளியில் வரைந்தால், கச்சான் மாதங்களில் அந்தப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றக் கிணறு போதாது. பாவாவிடம் கற்கவேண்டியது அவர் வருடக்கணக்காக ஒரே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பொறுமையை. பிள்ளைகள் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் படத்தில் தெரியும் பசுமையை.

ஊருக்குள் இறங்குவதற்கு முன் ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஊர்ப்பெயர்களுக்கு. திருகோணமலை மாவட்ட வரைபடத்தை மேசையில் விரித்துப் பெயர்களை வாசித்துக்கொண்டே போவோம். பாலையூற்று: பாலை மரம், ஊற்று. மட்டிக்களி: களிமண். வெள்ளைமணல். உப்புவெளி. ஆலங்கேணி: ஆலும் கேணியும். கண்டல்காடு: கண்டல் நின்ற இடம். மண் ஆய்வறிக்கை வாங்கக் காசு வேண்டும், இது இலவசம். எல்லாப் பெயரும் இன்றைக்குப் பொருந்தாது. ஊற்று வற்றியிருக்கலாம், கண்டல் வெட்டப்பட்டிருக்கலாம். அப்படிப் பொருந்தாத இடத்தில்தான் நல்ல கேள்வி பிறக்கும். என்ன போயிற்று, எப்போது போயிற்று, அந்தத் தண்ணீர் இப்போது எந்தப் பக்கம் போகிறது? படிப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடப்பதால் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த வான் (குளத்தில் மிகைநீர் வழியும் இடம்), துருசு (மதகு), வாய்க்கால், வளவு (வீட்டுக் காணி), குழை எல்லாவற்றையும் படலைக்கு வெளியே விட்டுவிட்டு வகுப்புக்குள் வருகிறார்கள். அந்தச் சொற்களைத் திரும்பக் கையில் கொடுத்தால் பாதிப் பாடம் அவர்களுக்கு முன்பே தெரிந்திருப்பது புரியும்.

காணியில் செய்யும் பயிற்சிகளுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரண்டு பக்கமும் வெட்டிய பால்மா டின் ஒன்றை மண்ணுக்குள் நாலு விரல் ஆழம் அடித்து இறக்குங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றி, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள். வெள்ளைமணலில் திரும்பிப் பார்ப்பதற்குள் தண்ணீர் போய்விடும். களித்தரையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் டின்னுக்குள் வானம் தெரியும். இன்டர்லொக் கல் பதித்த முற்றத்தின் ஓரத்தில் இறக்கினால் வண்டி ஏறி இறுகிய மண் எப்படியென்று தெரியும். மட்டம் பார்க்க மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர் ரியூப் போதும். அதை வைத்துச் சமவுயரக் கோடுகளைத் தாங்களே போட்ட பிள்ளை பிறகு ஒருநாளும் தட்டையான காணி என்று சொல்லாது.

கூடவே ஒரு கணக்கு. கூரை 100 சதுர மீற்றர். நவம்பரில் 300 மில்லிமீற்றர் மழை. பெருக்கினால் 30,000 லீற்றர், ஆயிரம் லீற்றர் தாங்கி முப்பது நிரம்பும். வெறும் ஒரு மாதத்தில், ஒரு சின்னக் கூரையில் விழும் தண்ணீர் இது. இது எங்கே போகிறது என்று படத்தில் அம்புக்குறி போடச் சொன்னால், அநேகமான அம்புகள் பக்கத்து வளவுக்குள் அல்லது வீதியோர வடிகானுக்குள் போய் முடியும். அயலவர்களுக்கிடையே எல்லைச் சண்டை வருவதில் ஆச்சரியமில்லை.

கரையோரத்தில் இந்தக் கணக்குக்கு இன்னோர் அர்த்தம் உண்டு. நிலாவெளி, உப்புவெளி மாதிரியான மணற்கரைகளில் கிணற்று நன்னீர் என்பது மழையில் ஊறி, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும் ஒரு படலம். நன்னீர் கடலைவிட இலேசு, அதனால்தான் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் பழைய விதி. இதைத் திருப்பி வாசித்தால் பயம் வரும். மேலே ஒரு முழம் குறைந்தால், கீழிருந்து உப்பு அதைப்போல் நாற்பது மடங்கு ஏறிவரும். ஹோட்டல் புல்தரைக்கு மோட்டர் போட்டு இறைக்கும் தண்ணீர், அடுத்த வளவுக் கிணற்றைக் கச்சானில் உவராக்கலாம். ஆக, எந்தப் புல்லை வரைவது என்பது அழகியல் கேள்வி மட்டுமில்லை. மழைநீரை முற்றத்திலேயே மண்ணுக்குள் இறக்குவது அந்தப் படலத்துக்குத் தீனி போடுவது மாதிரி.

உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் கந்தளாய்க் குளமும் அதன் தண்ணீரில் விளையும் தம்பலகாமத்து வயல்களும். கோணேசர் கோயிலோடும் கந்தளாயோடும் சேர்த்து ஊர் பேசும் பெயர் குளக்கோட்டன். குளமும் கோட்டமும் கட்டியவன் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். வரலாற்றாசிரியர்கள் காலத்தைப் பற்றி வாதிடட்டும். கோயிலையும் குளத்தையும் ஒரே பெயருக்குள் வைத்த மனம் எனக்குப் பிடிக்கும். கட்டடத்துக்கு ஒரு துறை, நிலத்துக்கு ஒரு துறை என்று பிரிக்காத மனம் அது. உலர்வலயத்துக் குளங்களை வெறும் தண்ணீர்த் தொட்டியாகப் பார்க்கக்கூடாது. மேல்புறத்தில் நிற்கும் மருதும் மற்ற மரங்களும் காற்றையும் அலையையும் மறித்து ஆவியாவதைக் குறைக்கும். அதற்கு மேலே உள்ள புற்பரப்பு வண்டலைப் பிடித்துக்கொள்ளும். கட்டுக்குக் கீழே, வயல் தொடங்குவதற்கு முன்னால் விடப்பட்ட மரத்திட்டு கசிவில் வரும் உவரை உறிஞ்சும். சிங்களக் கிராமங்களில் இவற்றைக் கஸ்கொம்மன, பெரஹன, கட்டகடுவ என்று பெயர் சொல்லிப் பேணினார்கள். ஒவ்வொரு மரத்திட்டுக்கும் ஒரு வேலை. சும்மா பச்சை எதுவும் இல்லை. மண்கட்டும் சும்மா மண்மேடு இல்லை. 1986 ஏப்ரலில் கந்தளாய் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கட்டின்மேல் நடந்துகொண்டே இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் குரல் தானாகத் தணியும்.

கடற்கரைக்கு வருவோம். கடலோர நடைபாதை வரைய ஆசைப்படாத மாணவர் இல்லை. மணலுக்கு மேலே இருக்கைகள், விளக்குகள், வரிசையாகத் தென்னை. முதல் வேலையாக, மணலில் படர்ந்திருக்கும் அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் களை என்று சொல்லித் துப்புரவாக்கிவிடுவார்கள். அந்த இரண்டும்தான் மணலைப் பிடித்துவைத்திருக்கின்றன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது மேடைக்கு மட்டும் உரிய பழமொழி இல்லை. ஒரு கொடியை மெல்ல இழுத்துப் பாருங்கள், கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். இராவணன் மீசையின் முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டு ஓடிப் போய் வேறிடத்தில் மணல்மேடு கட்டும். இவை போனால் மணலும் போகும், மணல் போனால் நடைபாதையும் போகும்.

அடுத்தது கரைவலைப் பாடு, அதாவது கரைவலை இழுக்கும் கரைத்துண்டு. வெளியூர்க் கண்ணுக்கு அது வெறும் கடற்கரை. வலையை வள்ளத்தில் ஏற்றி அரைவட்டமாகக் கடலுக்குள் விட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு கூட்டம் கரையில் நின்று இழுத்து வருவார்கள். அதற்கு நீளமான தடையில்லாத கரை வேண்டும், பின்னால் மீனவர் தங்கும் வாடி வேண்டும், வலை காயப்போட இடம் வேண்டும். ஒரு மாணவி தன் நடைபாதைப் படத்தை வாடியில் இருந்த பெரியவரிடம் காட்டினாள். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வடிவா இருக்கு மகள். இந்தச் சீமெந்துக் கட்டுக்கு மேலால கயிறு எப்படி வரும்?" என்று மட்டும் கேட்டார். அவள் படத்தில் கயிறே இல்லை. அடுத்தநாள் விடியற்காலை போய்க் கயிறு மணலில் போகும் வழியை அடி வைத்து அளந்து வந்தாள். அந்த வருடம் நான் பார்த்த படங்களில் மிகச் சிறந்தது அவளுடையதுதான். நடைபாதை கரைவலைப் பாட்டுக்குப் பின்னால் வளைந்து போனது.

2004 டிசம்பர் 26ஐ மறந்துவிட்டு இந்தக் கரையில் எதையும் வரைய முடியாது. அலைக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீற்றரும் தெற்கு மேற்கில் 100 மீற்றரும் கட்டத்தடை என்று முதலில் அறிவித்தார்கள், பிறகு தளர்த்தினார்கள். பாறை முனைக்கும் தாழ்ந்த மணற்திட்டுக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? கடலோரத்தில் வாழ்ந்தே ஆகவேண்டிய மீன்பிடிக் குடும்பம் என்ன செய்யும்? வரைபடத்தில் ஒரு கோடு போடுவதற்கும் நிலத்தை வாசிப்பதற்கும் உள்ள தூரத்தைக் காட்ட இதைவிடப் பெரிய உதாரணம் என்னிடம் இல்லை.

செடிகளின் பட்டியலுக்குக் கடைசியில்தான் வருவேன். அங்கேயும் முதற்கேள்வி, யார் தின்பார்கள் என்பது. திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரிகின்றன, ஊருக்குள்ளும் வந்து போகும். மாடும் ஆடும் வீதி எங்கும் உண்டு. படத்தில் போட்ட அழகான தரைச்செடி ஒரு வாரம் தாங்காது. இதற்கு விடை நம் பெயர்களுக்குள்ளேயே இருக்கிறது. ஆடாதோடை என்றால் ஆடு தொடாதது. நொச்சியையும் எருக்கையும் கால்நடை பொதுவாக ஒதுக்கும். நிழலுக்கு வேம்பு, பூவரசு, புளி, புன்னை. பொறுமையிருந்தால் பாலை, வீரை. சவண்டலை என்ற மரத்துக்கு ஆங்கிலத்தில் திருகோணமலை மரம் என்றே பெயர், ஒருகாலத்தில் படகு கட்ட இந்தத் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியானது. ஊரின் பெயரைத் தாங்கிய மரத்தை ஊரின் மாணவர்களே பார்த்ததில்லை என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

இன்னொரு பயிற்சி கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில். முற்பகல் பதினொரு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். கையில் ஒரு தாள், ஒரு பென்சில். கால் எங்கே விரைகிறது, எங்கே ஓரமாக ஒதுங்குகிறது, எங்கே தானாக நிற்கிறது என்று குறிக்க வேண்டும். சீமெந்து, கல், மணல், இலைச்சருகு, மரநிழல் ஒவ்வொன்றையும் உள்ளங்கால் வேறு வேறாகச் சொல்லும். பக்கத்தில் ஒரு பாட்டி பேத்தியின் கையைப் பிடித்து நிழலிலிருந்து நிழலுக்குத் தாண்டிப் போவார். அவர் போகும் கோட்டைத் தாளில் வரைந்தால், அந்த இடத்துக்கு வேண்டிய மர வரிசை அதிலேயே இருக்கும்.

இவ்வளவும் சொன்னபிறகும் பெரிய தடை ஒன்று உண்டு, அது கால அட்டவணை. ஒரு செமஸ்டர் பதினைந்து வாரம் அளவில். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு 250 கிலோமீற்றருக்கு மேல். ஒரு பயணத்துக்கே பஸ்சும் தங்குமிடமும் தேடி அலைய வேண்டியிருக்கும்போது இரண்டாவது பயணத்துக்கு யார் காசு தருவது? என் அனுபவத்தில் ஓரளவு வேலை செய்த வழி, இந்தப் பாடத்தை ஒரே செமஸ்டருக்குள் அடைக்காமல் இரண்டு செமஸ்டருக்குப் பாதிப் பாதியாகப் பிரித்து, அதே காணியை வைத்துக்கொள்வது. அதுவும் முடியாவிட்டால் ஊர்க்காரப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது அளந்து அனுப்பலாம். அதுவும் இல்லையென்றால் கதியாலில் உள்ள கறை, மதிலில் உள்ள உப்புக்கோடு, கிணற்றுக் கட்டில் பாசி நின்ற மட்டம், வேலிக்கு அப்பால் உள்ள அம்மாவின் ஞாபகம். வராத பருவத்தை வாசிக்க இவையும் உதவும். புள்ளி போடும்போதும் நான் கட்டடத்தை முதலில் பார்ப்பதில்லை. இரண்டு வெட்டுமுகங்களை அடுத்தடுத்து வைக்கச் சொல்வேன், ஒன்று மார்கழி, ஒன்று ஆடி. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அப்புறம் மூன்று படங்கள், முதலாம் வருடம், ஐந்தாம் வருடம், இருபதாம் வருடம். தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் எல்லோரும். இருந்தாலும் முதலாம் வருடப் படத்தில் மரத்தைச் சின்னதாக வரையக் கை வராது. வெறுமையாகத் தெரிகிறதே சேர் என்பார்கள். போரில் பங்கர்களுக்காகப் பனைகள் வெட்டப்பட்ட மண் இது. வெறுமை எப்படி இருக்கும், அது நிரம்ப எவ்வளவு காலம் பிடிக்கும் என்று அவர்களின் பெற்றோருக்கு நன்றாகத் தெரியும். அந்த ஐந்தாம் வருடப் படத்தின் ஓரத்தில் ஒரு வரி கட்டாயம் எழுத வேண்டும்: கச்சானில் இதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

அந்த வரி பட்டறிந்தபிறகு வந்தது. தெரிந்தவர் ஒருவரின் வளவில் ஒரு தொகுதி மாணவர்கள் ஐந்து பாலைக் கன்றுகளை நட்டார்கள். நட்டது மாரியில், எல்லாம் செழிப்பாக நின்றன. தண்ணீர் ஊற்றும் பொறுப்பை யாரிடமும் கொடுக்கவில்லை. முதல் கச்சானிலேயே மூன்று கருகிவிட்டன. மிச்ச இரண்டையும் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தொகுதியும் வருடத்துக்கு இரண்டு தடவை அளந்து, ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறது. கடைசியாக மார்கழியில் அளந்தபோது ஒன்று இடுப்பளவு, மற்றது முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. சின்னதற்குப் பக்கத்தில் புதிதாக ஓர் எறும்புப் புற்று வந்திருந்தது. அதன் உயரத்தையும் அளந்து அதே பக்கத்தில் குறித்துக்கொண்டார்கள்.